திணிவு கூடின விண்மீன் ஏன் கெதியாய் முடிகிறது? சூத்திரமும் புத்தகமும் ஒத்துவரவில்லை

கடற்கரைவீதி கேட்டது:

வணக்கம். உயர்தர மாணவர்களின் விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஒரு சுவர் வரைபு தயாராகிறது. பெரும்பாலும் கொழும்பிலிருந்து வெறும் கண்ணுக்குத் தெரியும் விண்மீன்கள். கிடை அச்சில் திணிவு, நிலைக்குத்து அச்சில் ஒளிர்வு, பக்கத்தில் ஆயுள். எல்லாம் சூரியன் = 1 என்று வைத்து.

பாவித்த சூத்திரங்கள் இரண்டு:
ஒளிர்வு = திணிவின் 3.5ஆம் அடுக்கு
ஆயுள் = 1000 கோடி ஆண்டு ÷ திணிவின் 2.5ஆம் அடுக்கு

இதில் மூன்று இடத்தில் முட்டுகிறது.

ரோகிணியின் திணிவு 1.16. சூத்திரப்படி ஒளிர்வு 1.7 வரவேண்டும். புத்தகத்தில் 400க்கு மேல் என்று இருக்கிறது. இது கணக்குப் பிழையாக இருக்க முடியாது, எங்கேயோ அடிப்படையே பிழை.

25 திணிவுள்ள விண்மீனுக்கு ஆயுள் 32 இலட்சம் ஆண்டு வருகிறது. அட்டவணைகளில் 70 இலட்சத்துக்குக் கிட்ட இருக்கிறது. இரண்டு மடங்கு வித்தியாசம்.

மூன்றாவதுதான் பெரிய தலையிடி. எரிபொருள் கூட இருந்தால் கூட நாள் எரியவேண்டும்தானே என்று பிள்ளைகள் கேட்பார்கள். "பெரிது வேகமாக எரிக்கும்" என்று எழுதி வைக்கலாம். ஆனால் அது பதில் இல்லையே, அதே கேள்வியைத்தானே திருப்பிச் சொல்கிறோம். ஏன் வேகமாக?

---

மடக்கை எழுதியது:

முதலில் ரோகிணி. அந்தச் சூத்திரம் முதன்மைத் தொடரில் இருக்கும் விண்மீன்களுக்கு மட்டும்தான், அதாவது மையத்தில் ஐதரசனை ஈலியமாக மாற்றிக்கொண்டிருப்பவைக்கு. ரோகிணி அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. மையத்து ஐதரசன் தீர்ந்து, மையம் சுருங்கி, வெளிப்பாகம் ஊதிப்போன சிவப்பு அரக்கன் அது. சுவாதியும் அப்படியே: திணிவு சூரியனோடு கிட்டத்தட்டச் சமம், ஒளிர்வு 170 மடங்கு. திருவாதிரையும் கேட்டையும் இன்னும் பெரிய வகை. வரைபில் போட ஆசையென்றால் வேறு நிறத்தில் போடுங்கள், கோட்டுக்குள் இழுத்து வராதீர்கள்.

கொழும்பு வானத்தில் சூத்திரத்துக்கு ஒழுங்காகப் பணிகிறவை குறைவு, ஆனால் இருப்பவை நல்லவை. திருவோணம்: திணிவு சுமார் 1.8, நான்காம் அடுக்கு 10.5, அளந்த ஒளிர்வு 10.6. இதைவிட அழகான உதாரணம் கிடைக்காது. அடுத்தது அல்பா சென்டோரி, இரண்டு விண்மீன் சேர்ந்தது. அதில் பெரியது 1.08, சின்னது 0.91, அளந்த ஒளிர்வு முறையே 1.5, 0.5. கொழும்பில் அது தெற்கே அதிகபட்சம் 22 பாகைதான் ஏறும், ஆகவே தெற்குப் பக்கம் மறைப்பில்லாத இடம் வேண்டும். அடுத்தது சீரியஸ், திணிவு 2.06, ஒளிர்வு 25.

சித்திரையைப் போட்டால் ஒரு குறிப்பு எழுதுங்கள். அது நான்கு நாளில் ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டை, நம் கண்ணில் படுவது இரண்டின் ஒளியும் சேர்ந்து. பெரியதன் திணிவு 11. சூத்திரம் சில ஆயிரம் என்று சொல்லும், உண்மையில் 20,000க்குக் கிட்ட. ஐதரசன் தீரும் தறுவாயில் நிற்பதால் பிறந்தபோது இருந்ததைவிட நன்றாகக் கூடிவிட்டது.

இன்னொன்று: 3.5 என்ற ஒரே அடுக்கை எல்லா இடத்திலும் பாவிக்காதீர்கள். அது சராசரி. 0.43க்குக் கீழே, 0.23 × திணிவின் 2.3ஆம் அடுக்கு. 0.43 முதல் 2 வரை வெறும் நான்காம் அடுக்கு. 2 முதல் 55 வரை 1.4 × 3.5ஆம் அடுக்கு. அதற்கு மேல் 32,000 × திணிவு. கிட்டவுள்ள ப்ரொக்சிமாவைப் போட்டுப் பாருங்கள்: திணிவு 0.122, சூத்திரம் 0.0018 தரும், அளந்தது 0.0016.

பிள்ளைகளுக்கு விளங்க வீட்டுக் கேஸ் போதும். வீட்டில் 12.5 கிலோ சிலிண்டர், ஹோட்டலில் 37.5 கிலோ. கேஸ் மூன்று மடங்கு. ஆனால் ஹோட்டல் அடுப்பு 3இன் 3.5ஆம் அடுக்கு, அதாவது 47 மடங்கு வேகமாகக் குடிக்கிறதென்று வையுங்கள். வீட்டுச் சிலிண்டர் 45 நாள் வந்தால், ஹோட்டலின் பெரிய சிலிண்டர் மூன்று நாள்கூட வராது. கல்குலேட்டர் இல்லாமல் போடுவதென்றால், 3.5ஆம் அடுக்கு என்பது கனத்தை வர்க்கமூலத்தால் பெருக்குவது, 2.5 என்பது வர்க்கத்தை வர்க்கமூலத்தால் பெருக்குவது. திணிவு 4 என்றால் ஒளிர்வு 64 × 2 = 128, ஆயுள் 1000 கோடியை 16 × 2 = 32ஆல் பிரிக்க 31 கோடி.

---

சுடுதண்ணிப்போத்தல் எழுதியது:

மடக்கை சொன்ன எண்கள் சரி. கேஸ் அடுப்பு உவமைதான் எனக்குச் சம்மதமில்லை. அடுப்பில் திருகைத் திறந்தவர் ஒருவர் இருக்கிறார். விண்மீனில் திருகைத் திறந்தது யார்? தம்பி கேட்ட மூன்றாவது கேள்வியே அதுதான்.

ஒளிர்வைத் தீர்மானிப்பது கரு இணைவு அல்ல. வெப்பம் எவ்வளவு வேகமாகக் கசிகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. இணைவு அந்தக் கசிவை ஈடுசெய்யுமளவுக்கு மட்டும் நடக்கும். போத்தலின் சுவர் எவ்வளவு மோசமோ அவ்வளவு கெதியாய்த் தண்ணீர் ஆறும். உள்ளே சூடாக்கி இருந்தால், அந்த வேகத்துக்கு ஈடாக அது வேலைசெய்ய வேண்டும். அவ்வளவுதான்.

உயர்தரக் கணிதம் போதும், இதை நாலு வரியில் காட்டலாம். வரைபுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

மையத்து அமுக்கம் மேலே இருக்கும் பாரத்தைத் தாங்க வேண்டும். அதற்கு மைய வெப்பநிலை, திணிவு ÷ ஆரைக்கு விகிதசமனாக இருக்கவேண்டும்.

உள்ளே அடைபட்டிருக்கும் கதிர்ப்புச் சக்தி, வெப்பநிலையின் நான்காம் அடுக்கு × கனவளவு. கனவளவு ஆரையின் கனம்.

ஒளித்துகள் நேராக வெளியே வராது. சனநெரிசலில் அகப்பட்டவன் மாதிரி இடிபட்டு இடிபட்டு வரும். ஒரு இடிக்கும் அடுத்த இடிக்கும் இடைத்தூரம் அடர்த்திக்கு நேர்மாறு. அப்படி அலைந்து வெளியேற எடுக்கும் நேரம், ஆரையின் வர்க்கம் ÷ இடைத்தூரம். அடர்த்தியை இட்டுச் சுருக்கினால் அது திணிவு ÷ ஆரை ஆகும்.

சக்தியை நேரத்தால் பிரிக்க ஒளிர்வு. பிரித்துப் பாருங்கள்: ஆரை முழுக்க வெட்டுப்பட்டுப் போகும், மிஞ்சுவது திணிவின் கனம்.

கவனியுங்கள், இதில் ஐதரசன் என்ற சொல்லே வரவில்லை. வானியலாளர் எடிங்டன் 1924இல் திணிவுக்கும் ஒளிர்வுக்கும் உள்ள தொடர்பைக் கணித்து வெளியிட்டபோது விண்மீனுக்குள் நடக்கும் அணுக்கருத் தாக்கங்கள் எவையென்று யாருக்கும் தெரியாது. பௌதிகவியலாளர் பெத்தே அவற்றை எழுதியது 1939இல். பதினைந்து ஆண்டு முன்னமே ஒளிர்வு சரியாக வந்ததற்குக் காரணம் இதுதான்.

சரி, மையத்துக்கு எவ்வளவு எரிக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? இணைவு தேவைக்கு மேல் போனால் மையம் விரிந்து குளிரும், வேகம் குறையும். குறைந்தால் சுருங்கிச் சூடேறும், வேகம் கூடும். வெப்பநிலையைச் சொட்டுக் கூட்டினாலே போதும். சூரியனில் நடக்கும் புரோத்தன் சங்கிலி வெப்பநிலையின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் கூடும். பெரிய விண்மீன்களில் நடக்கும் காபன்–நைதரசன்–ஒட்சிசன் சுற்று 16 முதல் 20ஆம் அடுக்கில் கூடும். அதனால்தான் சூரியனின் மையம் 1.57 கோடி கெல்வின் என்றால், 10 மடங்கு திணிவுள்ளதன் மையம் அதைப்போல் இரண்டு மடங்குதான். ஒளிர்வோ ஆயிரக்கணக்கான மடங்கு.

ஆகவே பிள்ளைகளுக்கு: பாரம் கூடினால் தாங்குவதற்குச் சூடு கூட வேண்டும்; சூடு கூடினால் கசிவு பயங்கரமாகக் கூடும்; கசிந்ததை ஈடுசெய்ய எரிபொருள் போகும். இந்த ஒழுங்கில் சொல்லுங்கள். தலைகீழாகச் சொல்லும் புத்தகங்கள் நிறைய.

---

மடக்கை எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன், திருகு விஷயத்தில் உவமை நொண்டுகிறது. ஆயுள் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

---

அரைக்கால் எழுதியது:

25 திணிவு விஷயத்துக்கு யாரும் வரவில்லை, அதை நான் எடுக்கிறேன்.

முதலில் 1000 கோடி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பிழையும் தானாகத் தெரியும். சூரியத் திணிவு 2 × 10³⁰ கிலோகிராம். அதில் மையத்தில் சூடாக இருந்து எரியக்கூடியது பத்தில் ஒன்று. ஐதரசன் ஈலியமாகும்போது திணிவில் 0.7 சதவீதம் சக்தியாகிறது. ஒளிவேகத்தின் வர்க்கம் 9 × 10¹⁶. எல்லாவற்றையும் பெருக்க 1.26 × 10⁴⁴ யூல். சூரியன் செலவழிக்கும் வலு 3.83 × 10²⁶ வாற்று. பிரித்தால் 3.3 × 10¹⁷ செக்கன். ஒரு ஆண்டுக்கு 3.16 × 10⁷ செக்கன், ஆகவே ஏறத்தாழ 1040 கோடி ஆண்டு. சூரியன் செக்கனுக்கு 60 கோடி தொன் ஐதரசனை மாற்றுகிறது, அதில் 42 இலட்சம் தொன்னுக்குச் சற்று மேல் ஒளியாகிப் போகிறது. இந்த வரியைச் சுவரில் பெரிதாகப் போடலாம், ஆட்கள் நின்று வாசிப்பார்கள்.

இதில் ஆட்டம் காணும் எண் அந்தப் "பத்தில் ஒன்று".

25இன் 3.5ஆம் அடுக்கு 78,125. அப்படிப்பட்ட விண்மீன் முதன்மைத் தொடரில் காலடி வைக்கும்போது உண்மை ஒளிர்வும் 80,000 அளவில்தான். ஆக ஒளிர்வில் பிழையில்லை. ஆனால் அங்கே மையத்தில் சக்தி மிகச் சின்ன இடத்தில் குவிந்து பிறப்பதால் கதிர்ப்பு மட்டும் அதைக் கொண்டுபோகப் போதாது. மையம் உலைப்பானைபோலக் கொதித்துப் புரளும். இந்த மேற்காவுகை வெளியிலிருந்து புது ஐதரசனை மையத்துக்குக் கொண்டுவந்து கலக்கும். பத்தில் ஒன்றல்ல, அதைவிட நன்றாகக் கூடின பங்கு எரியும். அதனால்தான் 32 இலட்சம் 70 இலட்சமாகிறது.

சின்ன முனையில் இதே கதை இன்னும் பெரிதாக. திணிவு 0.35க்குக் கீழே விண்மீன் முழுவதுமே மேலும் கீழும் புரண்டு கலக்கிறது. எரிபொருளில் அநேகமாக முழுவதும் பயன்படும். சூத்திரம் 0.1க்கு 3 இலட்சம் கோடி ஆண்டு என்று சொல்லும். உண்மை அதையும் தாண்டும். பிரபஞ்சத்துக்கே வயது 1380 கோடி. இப்படிச் சின்ன விண்மீனுக்குச் செங்குள்ளன் என்று பெயர்; அதில் ஒன்றுகூட இன்னும் முதுமையால் செத்ததில்லை. வரைபில் அதற்கு ஆயுள் எண் எழுதாமல் "பிரபஞ்சத்தின் வயதைப்போல் நூறு மடங்குக்கு மேல்" என்று எழுதுவது நேர்மை. 0.08க்குக் கீழே மையம் போதியளவு சூடாகாது, ஐதரசன் நிலையாக எரியாது. அது பழுப்புக் குள்ளன், இந்தக் கோட்டில் சேராது.

மேல் முனையில் என்ன பிழைக்கும் என்று பார்க்க ஆர்136ஏ1 என்ற விண்மீன் நல்லது. நமக்கு அயலிலுள்ள சிறு விண்மீன் மண்டலமான பெரிய மகெல்லன் முகிலில் இருக்கிறது, திணிவு ஏறத்தாழ 200. 3.5ஆம் அடுக்கு 11 கோடி என்று சொல்லும். அளந்தது 50 இலட்சம் அளவில். அவ்வளவு திணிவில் வாயு அமுக்கத்தைக் கதிர்ப்பமுக்கம் மிஞ்சிவிடுகிறது. ஒளியே வெளிப்படையைத் தள்ளி வீசும் எல்லைக்கு வந்தபிறகு ஒளிர்வு திணிவுக்கு நேர்விகிதமாகத்தான் கூட முடியும். எரிபொருளும் நேர்விகிதம், செலவும் நேர்விகிதம் என்றால் ஆயுள் மாறாது. எவ்வளவு பெரிதானாலும் 20–30 இலட்சம் ஆண்டுக்குக் கீழே ஆயுள் இறங்காமல் நிற்பது அதனால்.

---

கடற்கரைவீதி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சுடுதண்ணிப்போத்தல் அண்ணா, ஆரை வெட்டுப்பட்டுப் போகும் இடம்தான் தேடிக்கொண்டிருந்தது.

இன்னும் இரண்டு. சீரியஸுக்கு நான்கு எண் கிடைக்கிறது: 3.5ஆம் அடுக்கில் 12.5, நான்காம் அடுக்கில் 18, தோற்றப் பருமனிலிருந்து (வானில் தெரியும் பிரகாசத்தின் அளவு) கணித்தால் 23, புத்தகத்தில் 25. எதைப் போடுவது? மற்றது, சூரியனுக்கு 1 சென்ரிமீற்றர் வைத்தால் சித்திரைக்கு 200 மீற்றர் வருகிறது. log அளவுத்திட்டம்தான் (பத்தின் அடுக்குகளில் போகும் அச்சு) என்று தெரியும், பிரிஸ்டல் போர்ட்டில் எப்படிப் பொருத்துவது?

---

மடக்கை எழுதியது:

புள்ளியாகப் போடவேண்டியது எப்போதும் அளந்தது, 25. சூத்திரம் கோடு, புள்ளிகள் கோட்டுக்கு மேலும் கீழும் 30–40 சதவீதம் விலகுவது இயல்பு. வயது ஒரு காரணம். சூரியனே பிறந்தபோது இன்றைய ஒளிர்வில் 70 சதவீதம்தான் இருந்தது. ஈலியத்தைவிடப் பாரமான மூலகங்களின் பங்கு இன்னொரு காரணம். புள்ளிகளெல்லாம் கோட்டில் குந்தியிருந்தால் நடுவருக்குச் சந்தேகம் வரவேண்டும்.

23க்கும் 25க்கும் உள்ள வித்தியாசம் வேறு. உங்கள் கணக்கு இப்படி இருந்திருக்கும்: தோற்றப் பருமன் −1.46, தூரம் 2.64 பார்செக் (ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு), தனிப் பருமன் (10 பார்செக் தூரத்தில் வைத்துப் பார்த்தால் வரும் பருமன்) = −1.46 + 5 − 5 × மடக்கை 2.64 = 1.43. சூரியனுக்கு 4.83. வித்தியாசம் 3.40, அதை 2.5ஆல் பிரித்து 10இன் அடுக்காக்கினால் 23. இது கண்ணுக்குத் தெரியும் ஒளி மட்டும். சீரியஸின் மேற்பரப்பு பத்தாயிரம் கெல்வினுக்குக் கிட்ட, ஒரு பங்கு கழியூதாவில் போகிறது, அதைச் சேர்த்தால் 25. இங்கே திருத்தம் சின்னது. ப்ரொக்சிமாவில் இதைச் செய்யாமல் விட்டால் நாசம்: அதன் ஒளியில் பெரும்பங்கு செங்கீழ்க் கதிர். கண்ணொளியை மட்டும் எடுத்தால் 0.00005, மொத்தம் 0.0016. முப்பது மடங்கு!

கண்ணால் ஒப்பிட்டு ஒளிர்வு கணிக்கும் வேலை வைக்காதீர்கள். அல்பா சென்டோரி 22 பாகை உயரத்தில் நிற்கும்போது, உச்சியில் நிற்கும் விண்மீனைவிட 2.7 மடங்கு காற்றைத் துளைத்து வருகிறது. கொழும்பு ஈரப்பதனில் அது சின்ன இழப்பல்ல.

பிரிஸ்டல் போர்ட் 22 × 28 அங்குலம், அதாவது 56 × 71 சென்ரிமீற்றர். ப்ரொக்சிமாவிலிருந்து ரைஜல் வரை, 0.0016 முதல் 1,20,000 வரை, பத்தின் அடுக்கில் எட்டுப் படி. ஒரு படிக்கு 8 சென்ரிமீற்றர் என்றால் 64, நீளப் பக்கத்தில் அடங்கும். திணிவுக்கு 0.12 முதல் 21 வரை இரண்டே கால் படி, படிக்கு 20 சென்ரிமீற்றர் என்றால் 45, அகலத்தில் அடங்கும்.

இங்கேதான் வழமையாகச் சறுக்குவது. இரண்டு அச்சுக்கும் அளவு வேறு என்பதால், கடதாசியில் அடிமட்டம் வைத்து அளந்தால் சரிவு 1.4 வரும். அதை 20/8, அதாவது 2.5ஆல் பெருக்கினால்தான் 3.5. இதைக் கீழே எழுதி வையுங்கள், இல்லையென்றால் யாராவது ஒரு சேர் வந்து அடிமட்டத்தை எடுப்பார். ரைஜலையும் ரோகிணி, சுவாதி, திருவாதிரையோடு அந்த வேறு நிறத்தில். அதுவும் முதன்மைத் தொடரை விட்டு வெளியேறியதுதான்.

---

அரைக்கால் எழுதியது:

திணிவு எங்கிருந்து வந்ததென்று யாராவது கேட்டால் பதில் வேண்டும்: இரட்டை விண்மீன்கள். அல்பா சென்டோரியின் இரண்டுக்கும் இடைத் தூரம் சராசரி 23.3 வானியல் அலகு (ஒரு அலகு பூமி–சூரியன் தூரம்), சுற்றுக்காலம் 79.8 ஆண்டு. தூரத்தின் கனத்தைக் காலத்தின் வர்க்கத்தால் பிரிக்க 12,649 ÷ 6,368 = 1.99. அதுதான் மொத்தத் திணிவு, மேலே மடக்கை தந்த 1.08 + 0.91. பொதுத் திணிவு மையத்திலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை வைத்து அதைப் பிரிக்கிறார்கள். தனி விண்மீனுக்கு இந்த வழி இல்லை, ஆகவே திருவாதிரைக்கு 15 முதல் 20 என்று வீச்சாகவே எழுதுங்கள். அதன் வயது ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு. டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டு. அவை பார்த்த வானத்தில் திருவாதிரை இல்லை.

---

சுடுதண்ணிப்போத்தல் எழுதியது:

வரைபில் சீரியஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளிக்கு இடம் விடுங்கள். அதைச் சுற்றிவரும் துணை ஒரு வெண்குள்ளன், திணிவு சூரியனளவு. இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை, வயது சுமார் 24 கோடி ஆண்டு. 2.06 உள்ளது இன்னும் ஐதரசன் எரித்துக்கொண்டிருக்க, 1 உள்ளது செத்துப்போய்விட்டது. பார்த்தவுடன் நாம் இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் பிழை என்று தோன்றும்.

இந்தப் புள்ளியைக் காட்டிப் பிள்ளைகளையே காரணம் கேளுங்கள். விடை: பிறக்கும்போது அந்தத் துணைக்கு ஏறத்தாழ 5 மடங்கு திணிவு. 1.4 × 5இன் 3.5ஆம் அடுக்கு 391, எரிபொருள் 5, ஆகவே ஆயுள் 1000 கோடி × 5 ÷ 391 = 13 கோடி ஆண்டுக்குக் கிட்ட. முடிவில் ஊதிப்பெருத்து நான்கு பங்கை வெளியே வீசிவிட்டது, இப்போது தெரிவது மிஞ்சிய மையம்.